ஆசைமானியின் முள்

ஆசைமானியில் இசக்கியம்மாள் கை வைத்ததும் முள் தொண்ணூற்றெட்டில் போய் முட்டி நின்றது. மண்டபமே ‘ச்சீ’ என்றது. கீழத்தெரு தங்கபுஷ்பம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பதவி ஆசை அவ்வளவு அசிங்கமான சமாச்சாரமாகிவிட்ட காலம் அது.

பின்னே? ஆசை பிடித்தவர்கள் நாட்டைச் சுரண்டியது போதும் என்றுதான் தேர்தலையே ஒழித்துவிட்டு இந்தப் பொறியைக் கொண்டுவந்தார்கள். உள்ளங்கை நரம்பைப் படித்து, பதவி மேல் எவ்வளவு ஆசை என்று காட்டிவிடும். முள் பத்தைத் தாண்டினால் தகுதி இல்லை. ஆகக் குறைந்த முள்ளுக்காரரே நகரத் தலைவர்.

இருபது வருஷமாக அது அம்பலவாணர்தான். அவருக்கு முள் அசையவே அசையாது. பதவி மேல் மட்டுமா, அந்த மனிதருக்கு எதன் மேலும் ஆசை கிடையாது. குழாயில் சாக்கடைத் தண்ணீர் வருகிறதென்று போய் நின்றால், சாந்தமாகப் புன்னகைத்து அனுப்பிவிடுவார்.

“தள்ளும்மா, உனக்குத் தகுதி இல்ல” என்றார் அலுவலர்.

“தள்ள மாட்டேன். ஆமாய்யா, எனக்கு ஆசைதான்! எம் மவ மஞ்சக்காமாலையில கெடக்கா. அந்தக் குழாய மாத்தணும். அதுக்கு அந்த நாற்காலி வேணும். கேக்கதுல என்ன வெக்கம்?”

“எங்களுக்கும் அவதான் வேணும்!” என்று அவளுடைய மேட்டுத்தெரு முழுக்க எழுந்து நின்றது.

அம்பலவாணர் எப்போதும்போல வந்து கை வைத்தார். எப்போதும் கிடைக்கும் கைதட்டல் கிடைக்கவில்லை. அத்தனை கண்ணும் இசக்கியம்மாள் மேலேயே இருந்தது. பதவி போய்விடுமோ என்று அவருக்கு முதன்முறையாகப் பயம் வந்தது. முள் துள்ளி நாற்பதில் நின்றது.

“அடப்பாவி மனுசா, உமக்கும் ஆசைதானா வே!” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

மண்டபம் சிரித்து உருண்டது. கை வைக்க வேறு யாரும் வரவில்லை; தகுதியுள்ளவர் என்று ஒருவரும் மிஞ்சவில்லை.

“இதுக்குச் சட்டத்துல வழியே இல்லையே” என்று அலுவலர் கையைப் பிசைந்தார்.

“எங்களுக்குக் கை இருக்குல்லா!” என்றது கூட்டம். கைகள் உயர்ந்தன. இசக்கியம்மாள் தலைவரானாள்.

பொறியை உடைக்கப் போனவர்களை அவளே தடுத்தாள். “கெடக்கட்டும். வருசா வருசம் நான் இதுல கை வைக்கேன். முள்ளு பாதிக்குக் கீழ எறங்குனா என்னைய எறக்கிருங்க.”

மூன்றாம் வருஷம் முள் முப்பதுக்கு இறங்கியது. மேட்டுத்தெருக் குழாயில் நல்ல தண்ணீர் வந்து, மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

“பரவால்லக்கா, நீயே இரு” என்றார்கள் மேட்டுத்தெருக்காரர்கள்.

“எப்படி இருப்பா?” தங்கபுஷ்பம் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். “ஒங்க தெருவுக்குத் தண்ணி வந்துட்டு, முள்ளு எறங்கிட்டு. எங்க தெருவுல இன்னும் சாக்கடைதான வருது!”

இசக்கியம்மாளுக்குச் சுருக்கென்றது. அம்பலவாணரைப் போலவே தானும் சாந்தமாகப் புன்னகைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் உறைத்தது. அவமானமாக இருந்தது. எழுந்து வழி விட்டாள்.

“ஏட்டி, கைய வை. சத்தமாச் சொல்லு.”

“எனக்கு வேணும்!”

முள் தொண்ணூற்றெட்டில் போய் முட்டியது. மேட்டுத்தெரு ஆட்கள் ‘ச்சீ’ என்றார்கள். தங்கபுஷ்பம் கையை எடுக்கவில்லை.