எட்டாயிரம் வீதம் பத்துத் தவணை

12 மார்ச், வியாழன்.

முதலில் ஒரு தவறை ஒப்புக்கொள்கிறேன். மாலை ஆறரைக்கு அலறிய ஃபோனை எடுத்து, அம்மா சொன்னதைக் கேட்டு, யோசிக்காமல் "சரிம்மா" என்று சொல்லிவிட்டேன்.

அம்மா சொன்னது இதுதான்.

"செரினா, சுவா சூ காங்ல நாம இருந்த வீட்டை வித்த லாபத்துக்கு வரி கட்டுறேன்ல... இன்னிக்குப் பத்தாவது, கடைசித் தவணை. எட்டாயிரம் வெள்ளி. ஏழரைக்கு தேக்கா பிரியாணிக் கடையில ஆபீசர் வந்து ரொக்கமா வாங்கிக்குவாரு. உங்கண்ணன் டாரியஸ்கிட்டயும் சொல்லிடு."

ஏழு மணி. லிட்டில் இந்தியாவில் என் கணக்கியல் மாலை வகுப்பு. தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினேன்.

"சார், குடியிருந்த வீட்டை வித்தா லாபத்துக்கு எவ்வளவு வரி?"

ரத்னவேல் சார் கண்ணாடியை இறக்கினார்.

"இங்கயா? சாதாரணமா வரியே இல்லம்மா! வீடு வாங்கி விக்கிறதையே தொழிலா செய்றவங்களுக்குத்தான் கேள்வி வரும். உங்களுக்கு எத்தனை வீடு?"

"ஒண்ணே ஒண்ணு சார்... அதுவும் வித்தாச்சு!"

அப்போதுதான் உறைத்தது. எந்த வரி அதிகாரி பிரியாணிக் கடையில் ரொக்கம் வாங்குவார்?

ஒன்பது தவணை! எழுபத்திரண்டாயிரம் வெள்ளி! சிறிய வீடு ஒன்றுக்கு மாறியது போக மிஞ்சி, அம்மா காலம் தள்ள வைத்திருந்த பணம்!

ஓடினேன். ஓடிக்கொண்டே குடும்பக் குழுவில் தட்டினேன்:

'வரியே கிடையாது! அம்மா கட்டுனதைத் திருப்பி வாங்கப் போறேன்!'

தேக்கா உணவங்காடி. பிரியாணிக் கடையின் மூலை மேசை.

அம்மாவுக்கு எதிரே ஓர் உருவம்... தொப்பி... கூரைக்குக் கீழே, அந்த நேரத்தில், கறுப்புக் கண்ணாடி! நடுவே ஒரு பழுப்பு உறை...

பாய்ந்து உறையை அமுக்கினேன்.

"யாரும் நகரக் கூடாது! போலீசுக்கு ஃபோன் பண்ணிட்டேன்!"

பண்ணவில்லை. போலீஸ் எண் மூன்றே மூன்று ஒன்பதுகள்... பயத்தில் மறந்துவிட்டன.

"மெல்லமாக் கதையும் பிள்ளை! இப்பதான் கண் ஆப்பரேஷன் செஞ்சது!"

தொப்பி கழன்றது.

குணவதி ஆன்ட்டி! அம்மாவோடு முப்பது வருடம் ஒரே ஆபீசில் வேலை பார்த்தவர்!

உறைக்குள் ஒரு தாள். 'கடைசித் தவணை பெறப்பட்டது.' முத்திரை இல்லை. அலுவலகத்தின் பெயரும் இல்லை.

"ஆன்ட்டி... நீங்களா எங்கம்மாவ ஏமாத்துனீங்க?"

"ஒரு ரசீதுக்கு ஒரு மட்டன் பிரியாணி. அதுக்கு மேல ஒரு சதம் வாங்கேல்லை!"

அம்மா நிதானமாக எலும்பைக் கடித்தார்.

"பணம் பேங்க்ல பத்திரமா இருக்கு லா. வரியும் இல்ல, ஆபீசரும் இல்ல. நானா கண்டுபிடிச்சது."

"எதுக்கும்மா?"

"உங்கண்ணன் ஜூரோங்ல பபிள் டீ கடை வைக்க எண்பதாயிரம் கேட்டான். முன்னாடி வச்ச ஃபோன் கவர் கடை போச்சு, ஜிம் போச்சு. முடியாதுன்னு சொன்னா என்னைத் திட்டுவான். கவர்மெண்ட் எடுத்துக்கிச்சுன்னா கவர்மெண்ட்டத் திட்டுவான். ரசீது கேட்டான். அதான் இவ."

என் ஃபோன் அதிர்ந்தது. அண்ணன்.

'சூப்பர் தங்கச்சி! திருப்பி வாங்கினதும் நேரா என் அக்கவுண்ட்!'

அம்மா படித்தார். எலும்பு தட்டில் விழுந்தது.

"பத்து வாரமா கட்டுன பொய்யை... பத்து நிமிஷத்துல உடைச்சிட்டியேடி!"

ஃபோனைப் பிடுங்கினார். குடும்பக் குழுவில் குரல் பதிவை அழுத்தினார்.

"டேய், அம்மா பேசுறேன். வரி இல்ல. பணம் இருக்கு. உனக்கு இல்ல!"

இரண்டே நிமிடத்தில் திரையில் ஒரு வரி:

'டாரியஸ் குழுவிலிருந்து வெளியேறினார்.'

"அட, இவ்வளவுதானா!" என்றார் அம்மா. "முதல்லயே சொல்லியிருக்கலாம். பத்து பிரியாணி வேஸ்ட்!"

"வேஸ்டோ?" என்றார் ஆன்ட்டி, காயப்பட்டு.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"அண்ணனுக்குப் பொய் சொன்னீங்க, சரி. என்கிட்ட ஏன்ம்மா?"

குணவதி ஆன்ட்டி தட்டுக்குள் குனிந்துகொண்டார்.

"கேக் கிளாஸ் பாதியில. ஜப்பானிய மொழி பாதியில. யோகா டீச்சர் ட்ரெய்னிங் மூணே நாள். எல்லாத்துக்கும் ஃபீஸ் யாரு கட்டுனா?" அம்மா கையைத் துடைத்தார். "அந்த வரி உனக்கும் சேர்த்துத்தான்டி!"

நாளைய வேலை: காலை பத்து மணிக்கு அம்மாவோடு வங்கிக்குப் போய், எண்பதாயிரத்தையும் மூன்று வருட நிரந்தர வைப்பில் போட வேண்டும். படிவத்தில் என் பெயர் எங்கும் வரக் கூடாதாம். நான் போவது பேனா கொடுக்க மட்டும்!