இழுவை பூஜ்யம்

அது செவிப்பொட்டு என்ற கருவி வந்து மூன்றாம் ஆண்டா நான்காம் ஆண்டா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வகுப்பெடுத்த மங்கையர்க்கரசியையே கேட்டாலும் ஒரு முறை சித்திரை வெயில் என்பாள், இன்னொரு முறை ஐப்பசி மழை என்பாள். நடந்ததைத்தான் சொல்கிறோமா, பிறகு பலமுறை நினைத்துப் பார்த்ததில் வந்து ஒட்டிக்கொண்டதைச் சொல்கிறோமா என்ற சந்தேகம் இந்தக் கதை முழுக்க இருக்கும். வகுப்பு நடந்தது சனிக்கிழமை காலை, திருச்செங்கோட்டில், வணிகர் சங்கத்து மாடியில். அதில் மட்டும் மாற்றமில்லை.

‘இணையவழி விற்பனை: ஓர் அறிமுகம்’ என்று பலகையில் எழுதிவிட்டு அவள் திரும்பினாள். ஆழ்துளைக் கிணறு போடுகிறவர்கள், ஜவுளிக்கடைக்காரர்கள், ஒரு மெத்தைக்கடைக்காரர் என்று இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

“முந்தியெல்லாம் தேடறவங்களுக்கு நம்ம கடை பேரு முதல்ல வரோணும்னு வார்த்தைய வார்த்தையாக் கோத்தோம். வாரம் ஒரு மடல் அனுப்பினோம். நாலு பேருக்குத் தெரிஞ்ச மூஞ்சியப் புடிச்சு நம்ம சரக்கக் கையில குடுத்தோம். ஒருத்தர் ஒரு செருப்ப ஒருக்காப் பாத்துட்டாப் போதும், அவரு போற பக்கமெல்லாம் அந்தச் செருப்பத் தொரத்தி உட்டோம். எல்லாமே குருட்டாம்போக்கு. இப்ப அது வேண்டியதில்ல.”

காதின் பின்புறம் மிளகு அளவில் ஒட்டியிருந்த செவிப்பொட்டைத் தொட்டுக் காட்டினாள். பேசவும் கேட்கவும் எல்லோரும் அணிந்ததுதான். ஆனால் அது நாடித்துடிப்பையும் மூச்சின் நீளத்தையும் தோலின் ஈரத்தையும் படித்தபடியே இருந்தது. ஒரு பொருளின் சாயல் எங்கேனும் கண்ணிலோ காதிலோ பட்டால், உள்ளே எவ்வளவு ஏக்கம் அசைகிறது என்று அளந்தது. அந்த அளவுக்கு இழுவை என்று பெயர். பூஜ்யத்திலிருந்து நூறுவரை. வணிகர் ஓர் எண்ணைக் குறிப்பார். அதற்கு மேல் இழுவை உள்ளவர்களுக்கு மட்டும் விளம்பரம் போகும். பார்த்தவர் பெயர் வணிகருக்குத் தெரியாது, எத்தனை பேர் என்பது மட்டும் தெரியும்.

மெத்தைக்கடை நாச்சிமுத்து கையைத் தூக்கினார்.

“ஏனுங்க டீச்சர், எம்பட வூட்டுக்காரிக்கு எம்மேல இழுவை எத்தனைன்னு பாத்துச் சொல்லுங்களேன்.”

“விக்கற சரக்குக்குத்தாண்ணா அளவு வரும்.”

“அப்ப நான் வெல போகாத சரக்குங்களா?”

மாடி சிரித்தது. மங்கையர்க்கரசியும் சிரித்தாள். சிரித்து முடிக்கும்போது அவளுக்கு அந்த யோசனை வந்துவிட்டிருந்தது. விற்கிற பொருளுக்குத்தான் அளவு வரும் என்றால், ஒரு பொருளைச் செய்துவிட்டால் போகிறது.

அவளுடைய மகள் சுடர்க்கொடி வீட்டைவிட்டுப் போய் எட்டு வருடம் ஆகியிருந்தது. சேவியர் என்பவனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்ன அன்று, “இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத” என்று சொல்லியிருந்தாள். கோபத்தில் சொன்னதுதான். சுடர் அதைக் கோபமாக எடுத்துக்கொள்ளவில்லை, உத்தரவாக எடுத்துக்கொண்டாள். அந்த வாசலுக்கு அதன்பிறகு ஒரு கடிதம்கூட வரவில்லை. பழைய எண் செத்துவிட்டது. மகள் எங்கே இருக்கிறாள் என்பதைவிட, தன்னை நினைக்கிறாளா என்பதுதான் மங்கையர்க்கரசிக்குத் தெரிய வேண்டியிருந்தது. அது ஓர் எண்ணாகத் தெரிந்தால் போதும்.

சுடர் சிறுமியாக இருந்தபோது மங்கையர்க்கரசி பேருந்து நிலையத்துக்கு மேலே ஒரு கணினி மையத்தில் தட்டச்சு வேலை பார்த்தாள். பள்ளி விட்டதும் சுடர் அங்கே வந்து மேசைக்கு அடியில் படுத்துக்கொள்வாள். கணினிப் பெட்டியின் பின்புறத்திலிருந்து வெதுவெதுப்பான காற்று வரும். அதில் இரண்டு பாதங்களையும் வைத்துக்கொண்டு அதன் ரீங்காரத்திலேயே தூங்கிவிடுவாள். உலகத்தில் வேறு யாருக்கும் அப்படி ஒரு தூக்கம் இருந்திருக்காது என்று தாய் நம்பினாள்.

நாச்சிமுத்துவிடம் சொல்லி மேசைக்கு அடியில் விரிக்கிற அளவில் ஓர் இலவம்பஞ்சு மெத்தை தைக்கச் சொன்னாள். கால்மாட்டில் வெதுவெதுப்பான காற்றும் மெல்லிய ரீங்காரமும் வரும் சிறு பெட்டி.

“இத எவனுங்க வாங்குவான்?” என்றார் நாச்சிமுத்து.

“ஒருத்தர் வாங்குனாப் போதும்ணா.”

மெத்தைக்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வேறெதுவும் கேட்காமல் நூலைக் கோத்தார்.

விளம்பரத்தில் மேசையின் அடிப்பலகை மட்டும் தெரிந்தது. பின்னால் ரீங்காரம். ஒரு பெண்குரல், அவளுடையதுதான்: “அம்மாக்கு இன்னும் வேலை முடியல. தூங்கு கண்ணு.” வயது இருபத்தொன்பது, பெண், இழுவை தொண்ணூற்றைந்துக்கு மேல் என்று குறித்தாள்.

பார்த்தவர்: பூஜ்யம்.

ஒரு வாரம் பொறுத்தாள். தொண்ணூறாக இறக்கினாள். எண்பது. எழுபது. எழுபதில் முந்நூறு பேர் வந்தார்கள், அவர்களில் பாதிப்பேர் மெத்தை கேட்டார்கள். உலகத்தில் நிறைய அம்மாக்களுக்கு வேலை முடியாமல் இருந்திருக்கிறது. அனுப்ப வேண்டிய முகவரிகள் வந்தபோது ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தாள். சுடர்க்கொடி என்று ஒரு பெயர் இல்லை. ஐம்பது. முப்பது. இழுவை குறையக் குறையக் கூட்டம் பெருகியது, நாச்சிமுத்து பக்கத்துக் கடையையும் பிடித்துப் போட்டார். கடைசியில் செவிப்பொட்டு நிறுவனம் அனுமதிக்கும் அடிமட்டம், ஐந்து. அதிலும் அந்தப் பெயர் வரவில்லை. அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு எந்த விளம்பரமும் போகாது. அப்படிப்பட்டவர்கள் லட்சத்தில் ஒருவர்தான், அவர்களைப் பூஜ்யர் என்று விற்பனையாளர்கள் தங்களுக்குள் கேலியாகச் சொல்லிக்கொள்வார்கள்.

ஒரு மதியம், விளம்பரத்தில் கொடுத்திருந்த மெத்தைக்கடை எண்ணுக்கு அழைப்பு வந்தது. எடுத்தாள்.

“அம்மா,” என்றது குரல். “நாந்தாம்மா.”

தொலைவில் அலைச் சத்தம் கேட்டது.

“பக்கத்து வூட்டக்கா ஒரு மெத்த வாங்கியிருந்தாங்க. பொட்டியில ‘அம்மாக்கு இன்னும் வேலை முடியல’ன்னு எழுதியிருந்துது. உங்க வேலதானேம்மா?”

“உனக்கு வெளம்பரம் வரலையா, சாமி?”

“எனக்கு எதுவுமே வராதும்மா. இங்க எல்லாரும் கேலிதான் பண்றாங்க, உனக்கு ஒண்ணுமே வேண்டாமாடின்னு.” சிரித்தாள். “தொண்டியில இருக்கறோம். கடலுக்குள்ள புல்லு நடற வேலை. அவரும் நானும். நல்லா இருக்கறேன்மா.”

“என்னைய நெனைக்கவே இல்லையா நீ?”

“நெனைக்காம என்னம்மா. தெனமும் நெனைக்கறேன். ஏங்கறதில்ல. ரெண்டும் ஒண்ணாம்மா?”

எந்தத் தாயும் மகளிடமிருந்து கேட்க ஆசைப்படுகிற வார்த்தைகள் அவை. குறையில்லை, கோபமில்லை, மறதியும் இல்லை. ஆனால் இருபது வருடமாக இல்லாமையைத் தேடிப் பிடித்து விற்றுப் பழகியவளுக்கு அது காதில் ஏறவில்லை. பூஜ்யம் என்பது மட்டும்தான் ஏறியது. தொலைபேசியை வைத்ததும் சங்கத்து மாடிக்குப் போய் வெறும் பலகையைப் பார்த்துக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாள்.

பாடத்திட்டத்தின் கடைசிப் பகுதிக்கு விலக்கல் முறை என்று பெயர். ஆசையே இல்லாத இடத்தில் ஆசையை வரவழைக்கும் வழி அது. ஒன்றை இலவசமாக, நாள்தோறும், ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும். கை அதற்குப் பழகியதும் காரணம் சொல்லாமல் நிறுத்திவிட வேண்டும். சோப்புக்கும் தேநீர்த்தூளுக்கும் அவள் அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

மறுநாளிலிருந்து தினமும் மாலை ஆறு மணிக்கு மகளை அழைத்தாள். பெரிதாக எதுவும் பேசவில்லை. நாச்சிமுத்து மனைவியிடம் வாங்கிய திட்டு, எதிர்வீட்டு நாய் குட்டி போட்டது, இன்று என்ன குழம்பு. சுடர் புல்லின் வேரில் நண்டு வந்து குடியேறிய கதையைச் சொன்னாள். பதினைந்தாம் நாள் மணி அடித்த உடனே எடுத்தாள். முப்பதாம் நாள், “அஞ்சே முக்காலுக்கே கரையேறிட்டேன்மா” என்றாள். அந்த மாலைகளில் மங்கையர்க்கரசி சிரித்ததெல்லாம் உண்மையான சிரிப்பு. நாற்பதாம் நாள், அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தாள். இப்படியே பேசிக்கொண்டிருந்தால் என்ன என்று.

நாற்பத்தோராம் நாள் அழைக்கவில்லை. மகள் அழைத்தபோது எடுக்கவும் இல்லை. செவிப்பொட்டு அதிர அதிர, மெத்தை விளம்பரத்துக்கு வரைபடத்தில் தொண்டியைச் சுற்றிச் சிறியதாக வட்டமிட்டு, வயது இருபத்தொன்பது, இழுவை ஐந்து என்று குறித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். பூஜ்யம். பூஜ்யம். ஒன்பதாம் நாள் காலை அந்த எண் ஒன்று என்று மாறியது.

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு மகளை அழைத்தாள்.

சுடர் அடுத்த நாளே பேருந்து பிடித்து வந்தாள். கறுத்து, மெலிந்து, தோளில் உப்புக் காற்றின் வாசனையோடு. வாசற்படியை மிதித்து ஏறியதும் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏம்மா ஃபோன எடுக்கல? பயந்தே போயிட்டேன்.”

“ஒடம்பு சரியில்ல கண்ணு.”

சுடர் நாடியைத் தொட்டுப் பார்த்தாள், நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சமைத்துப் போட்டாள். மங்கையர்க்கரசி மகள் திரும்பி வருவதாக எட்டு வருடமாக மனதில் வைத்திருந்த படம் அப்படியே இருந்தது, ஒன்றைத் தவிர. பேசிக்கொண்டிருக்கும்போதே சுடரின் விரல் அடிக்கடி காதின் பின்புறம் போனது.

“என்ன சாமி?”

“இப்பல்லாம் எனக்கும் வருதும்மா. மொதல்ல நம்ம மெத்த வந்துது. அப்புறம் செருப்பு, கண்ணாடி வெளக்கு, ஊட்டியில ஒரு வூடு.” வெட்கப்பட்டுச் சிரித்தாள். “முந்தி பாத்தா சும்மா கடந்து போயிருவேன். இப்ப எல்லாமே நமக்கு இல்லாமப் போன மாதிரியே இருக்குது. இது எப்படிம்மா நிக்கும்?”

மங்கையர்க்கரசி பலகையில் எழுதிக்காட்டாத பாடம் ஒன்றுகூட இல்லை. இழுவையை ஏற்றும் வழிகள் பதினேழு அவளுக்குத் தெரியும். இறக்கும் வழியை யாரும் கண்டுபிடிக்கவில்லை, அதை யாரும் கேட்டதும் இல்லை. மகளின் தலையைத் தடவினாள். இப்போது அலைச் சத்தம் இல்லை. சுடரின் செவிப்பொட்டு மட்டும் விட்டு விட்டு முனகியது.

சுடர் அடுத்த ஆண்டு கடற்புல் வேலையை விட்டுவிட்டுக் கோயம்புத்தூருக்கு வந்தாள். மூன்று வேலைகள் மாறினாள், நான்கு வீடுகள் மாறினாள். மாதம் இருமுறை தாயைப் பார்க்க வருகிறாள், வந்த ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறாள். சேவியர் தொண்டியிலேயே இருக்கிறான். அவர்கள் பிரிந்துவிட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. நாச்சிமுத்துவுக்கு ஐந்து ஊர்களில் கடை இருக்கிறது. மங்கையர்க்கரசி வகுப்பெடுப்பதை நிறுத்திவிட்டாள். சங்கத்து மாடியில் வேறொருவர் அதே பாடத்தை நடத்துகிறார். விலக்கல் முறைக்கு இப்போது நாற்பது நாள் தேவையில்லை, பதினான்கு நாள் போதும் என்கிறார்.