நினைவகத்தை விழுங்கியது யார்?

வெள்ளிக்கிழமை காலை குமுதா பத்து காவான் என்ற ஊரிலிருந்த தன் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது பில்ட் மறுபடியும் செத்துக் கிடந்தது.

எழுதிய நிரல்களை ஒன்றுசேர்த்து, ஓடக்கூடிய மென்பொருளாக ஆக்கும் வேலைக்கு அங்கே பில்ட் என்று பெயர். அதற்கென்றே கண்ணாடி அறைக்குள் ஒரு தனிக் கணினி. அது பாதி வழியில் நின்றுபோய், நினைவகம் போதவில்லை என்று ஒரே ஒரு வரியைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தது.

குறைமாதக் குழந்தைகளைக் கிடத்தும் வெப்பப் பெட்டிகளின் மென்பொருளுக்கான திருத்தம் அந்த பில்ட். சூடு குறைந்தாலும் சில சமயம் அலாரம் அடிக்காமல் விட்டுவிடும் கோளாறை அதில் சரிசெய்திருந்தார்கள். அன்று மாலைக்குள் மருத்துவமனைகளுக்கு அனுப்பியாக வேண்டும்.

"இது தானா வந்த கோளாறு இல்ல குமுதா. யாரோ கை வச்சிருக்காங்க" என்றார் குழுத் தலைவர் சிவநேசன்.

யாரோ என்று அவர் சொன்னது ரமணியை. வேறு கம்பெனியில் வேலை கிடைத்து ராஜினாமா கொடுத்திருந்தவள். புதன்கிழமை கடைசியாக அந்தக் கணினியில் வேலை பார்த்ததும் அவள்தான். வியாழன் காலையிலிருந்து ஒரு பில்ட்கூட முடியவில்லை. அவளுடைய நுழைவு அட்டையை வாங்கிக்கொள்ள மனிதவளப் பிரிவின் நூர்ஜான் வந்து உட்கார்ந்திருந்தார்.

குமுதா சோதனைப் பிரிவில் இருப்பவள். மென்பொருளில் பிழை தேடுவதுதான் அவள் பிழைப்பு. ஆள்மேல் பழி போட்டுப் பிழையை மூடுவது அவளுக்குப் பிடிக்காது.

"மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க அண்ணே" என்றாள்.

ரமணி பின்கட்டில் ஆறிப்போன தே தாரிக் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"புதன்கிழமை என்ன செஞ்ச?"

"ஒரு பில்ட் ஓட்டினேன்க்கா. ஒழுங்கா முடிஞ்சிச்சு. தற்காலிக ஃபோல்டர்ல என் சோதனை ஃபைலைப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."

"அப்புறம்?"

"அன்னைக்கு ராத்திரி இங்க கரண்ட் போயிருச்சில்ல? காலையில மிஷின் திரும்ப ஸ்டார்ட் ஆகி இருந்துச்சு. என் ஃபைலைக் காணோம். சொன்னா, நீயே அழிச்சிட்டு நாடகம் ஆடுறேங்கறாங்க." கோப்பையைக் கீழே வைத்தாள். "புது கம்பெனியில இங்கதானேக்கா விசாரிப்பாங்க. இந்தப் பேரோட போனா என்னை யாரு எடுப்பா?"

குமுதா அவள் தோளைத் தொட்டுவிட்டு சிவநேசனிடம் போனாள்.

"நினைவகம் பத்தலைன்னு வந்ததும் என்ன செஞ்சீங்க அண்ணே?"

"பில்ட் எடுத்துக்கிற நினைவக அளவை ஏத்தி விட்டேன். ரெண்டு தடவை."

"ஏத்தினதும்?"

"முன்னாடி பாதி தூரம் போச்சு. இப்ப கால்வாசியிலயே விழுந்துருது. அதான் சொல்றேன், உள்ள எதையோ விட்டிருக்கா."

"டிஸ்க் நிறைஞ்சிருச்சா?"

"காலியாத்தான் லா கிடக்கு. அந்த மிஷினே ஒரு மாதிரி. போன மாசம் பில்ட் ஸ்லோவா இருக்குன்னு நானே உக்காந்து செட்டிங்கை மாத்தினேன். ஒரு மாற்றமும் தெரியல. அப்படியே விட்டுட்டேன்."

குமுதா நிமிர்ந்தாள். "என்ன மாத்தினீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"என்னென்னவோ. யாருக்கு ஞாபகம்?"

அவள் கண்ணாடி அறைக்குள் போய் பில்டை ஓட்டிவிட்டாள். ஒரு பக்கம் தற்காலிக ஃபோல்டரையும் மறுபக்கம் நினைவகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபோல்டர் உப்ப உப்ப, நினைவகம் சுருங்கியது. கடைசியில் பில்ட் விழுந்தது. குமுதா சிரித்தாள்.

மூவரையும் உள்ளே அழைத்தாள்.

"நினைவகம் வேலை செய்யற மேசை மாதிரி. டிஸ்க் அலமாரி மாதிரி. பில்ட் ஓடும்போது அரைகுறை ஃபைல்களை எல்லாம் தற்காலிக ஃபோல்டர்ல எறியும். அந்த ஃபோல்டர் முன்னாடி அலமாரியில இருந்துச்சு. இப்ப மேசை மேலேயே இருக்கு."

"அப்படீன்னா?" என்றார் நூர்ஜான்.

"குப்பை சேரச் சேர மேசையில இடம் போயிரும். அண்ணன் பில்டுக்கு இன்னும் பெரிய பங்கு ஒதுக்கினாரு. குப்பைக்கு மிச்சம் இருந்த இடமும் போச்சு. அதான் அளவை ஏத்த ஏத்த சீக்கிரம் செத்துச்சு. டிஸ்க் காலியா கிடக்கறதும் அதனாலதான்."

"அதை மாத்தினது யாரு? ரமணிதானே?" என்றார் சிவநேசன்.

"நீங்கதான் அண்ணே."

குமுதா திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"வேகமா ஓடட்டும்னு போன மாசம் ஃபோல்டரை நினைவகத்துக்கு மாத்தியிருக்கீங்க. இந்த செட்டிங் மிஷின் திரும்ப ஸ்டார்ட் ஆனாத்தான் வேலை செய்யும். நீங்க ஸ்டார்ட் பண்ணல. அதான் ஒரு மாற்றமும் தெரியல. புதன் ராத்திரி கரண்ட் போய் வந்ததும் அது முழிச்சுக்கிச்சு. ரமணியோட ஃபைல் பழைய ஃபோல்டர்ல அப்படியே இருக்கு. புது ஃபோல்டர் அதை மூடிக்கிச்சு, அவ்வளவுதான்."

குமுதா செட்டிங் கோப்பைத் திறந்து காட்டினாள். போன மாதத் தேதி, சிவநேசனின் பெயர். கெடுதல் செய்யும் எண்ணம் அவருக்கு இல்லைதான். ஆனால் எல்லோரும் ரமணியைச் சந்தேகப்பட்டபோது, தன் கையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை.

குமுதா தற்காலிக ஃபோல்டரை டிஸ்க்குக்கு மாற்றினாள். பில்டின் நினைவக அளவைப் பழையபடி இறக்கினாள். ரமணி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் சரிபார்த்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் போகாமல் எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கால்வாசி தாண்டியது. பாதி தாண்டியது. முடிந்தது.

சிவநேசன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"எல்லார் முன்னாடியும் உன் மேல பழி போட்டேன் ரமணி. அதே எல்லார் முன்னாடியும் சொல்றேன், என் தப்பு. உன் புது கம்பெனிக்கு இன்னைக்கே நானே போன் பண்ணிப் பேசறேன்." கொஞ்சம் தயங்கி, நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். "ஆஸ்பத்திரிகளுக்கு நீயே அனுப்பு."

ரமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் பொத்தானை அழுத்தியபோது முதலில் கைதட்டியது நூர்ஜான்.