துத்தநாகம் ஏழு

"அய்யோ...! ஐயா...! எந்திரிங்க ஐயா...!"

அலறியவள் இருசம்மாள். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குச் சற்று மேலே தனியாக நிற்கும் அந்த கெஸ்ட் ஹவுஸைப் பெருக்கித் துடைப்பவள்.

எழுந்திருக்க மறுத்தவர் பேராசிரியர் கவியரசன்.

நாற்காலியில் சாய்ந்திருந்தார். கண்கள் திறந்திருந்தன. இமைக்கவில்லை.

மேஜை மேல் பாதி குடித்த காபி. அதன் பக்கத்தில் ஒரு கண்ணாடி பாட்டில். பாட்டிலில் வெள்ளைப் பொடி. பாட்டிலின் மேல் அச்சடித்து ஒட்டிய சீட்டு.

'துத்தநாகம் - 7'.

இருசம்மாள் படிக்கத் தெரிந்தவள்தான். ஆனால் அந்த நேரத்தில் யார் படிப்பார்கள்? செல்போனைப் பிடித்துக்கொண்டு சிக்னல் கிடைக்கும் வளைவு வரை ஓடினாள்!

* * *

இன்ஸ்பெக்டர் நௌஷீன் கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். குடத்தைச் சுண்டிப் பார்த்தே ஓட்டை இருக்கிறதா, இல்லையா என்று சொல்லிவிடுகிற வீடு. ஸ்டேஷனுக்கு வருகிற ஆட்களையும் அவள் அப்படித்தான் சுண்டுவாள்.

இன்று எதிரே உட்கார்ந்திருந்தவன் அஜித்குமார். கவியரசனிடம் ஆறு வருஷமாக ஆராய்ச்சி செய்யும் மாணவன். ஊர் களமருதூர். நெல் விவசாயக் குடும்பம். முகத்தில் தாடி... கண்ணில் தூக்கமின்மை... கையில் நடுக்கம்.

"இன்னா தம்பி ஆராய்ச்சி பண்றே?"

"கேட்டலிஸ்ட் மேடம். வினையூக்கி."

"அப்படின்னா?"

"மரவள்ளிக் கிழங்குல இருந்து மக்கிப் போற பிளாஸ்டிக் செய்யலாம் மேடம். குட்டிக் குட்டி வளையமா மூலக்கூறு இருக்கும். அத ஒண்ணொண்ணா ஒடச்சு சங்கிலியா கோக்கணும். நடுவுல துத்தநாக அணு ஒண்ணு நின்னுக்கினு, பஸ் கண்டக்டர் மாதிரி ஒவ்வொருத்தரா உள்ள ஏத்தும். யாரு இடப்பக்கம், யாரு வலப்பக்கம்னு அதுதான் முடிவு பண்ணும். வரிசை ஒழுங்கா இருந்தா பிளாஸ்டிக் கெட்டியா இருக்கும். இல்லன்னா கொழகொழன்னு ஆயிடும்."

பையன் பேசும்போது நடுக்கம் காணாமல் போயிருந்தது. நௌஷீன் அதைக் கவனித்தாள்.

"சரி... அந்தக் கண்டக்டர்தான் உங்க சார் பக்கத்துல பாட்டில்ல இருந்தாரு. 'துத்தநாகம் ஏழு'. உன் ஆராய்ச்சி... உன் பாட்டில்... உன் சார் பொணம். நான் இன்னா நெனைக்கட்டும்?"

"மேடம்... நாங்க பாட்டிலையே தொட்டதில்லீங்க!"

ஹெட் கான்ஸ்டபிள் ஜெயசுதா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

"கெமிஸ்ட்ரி படிச்சுட்டு பாட்டில தொடலையாம்! என் தங்கச்சி பிளஸ் டூலயே சுடிதார்ல ஓட்ட போட்டுக்கினு வந்தா."

"எங்க லேப்ல பாட்டில் கெடையாதுக்கா! கம்ப்யூட்டர், நாற்காலி, ஏசி. அவ்ளோதான். மூலக்கூறையும் கம்ப்யூட்டர்லயே வரைவோம். அது எந்தப் பக்கம் திரும்பும், எவ்ளோ சக்தி வேணும்னு கணக்குப் போடுவோம். எல்லாமே திரைலதான்."

"உங்க வூட்ல நம்புறாங்களா?"

"எங்கம்மா இன்னும் நான் போனா கை கழுவ சோப்பு எடுத்துக்கினு வாசல்ல நிக்கிறாங்க மேடம்."

நௌஷீனுக்குச் சிரிப்பு வந்தது. பாவமாகவும் இருந்தது. ஆறு வருஷம்! களமருதூரில் இவனுடைய அப்பா வரப்பில் நின்றுகொண்டு 'பையன் டாக்டர் ஆவப் போறான்' என்று சொல்லாத ஆள் பாக்கி இருக்காது. அடுத்த மாதம் தீஸிஸ் கொடுக்க வேண்டும். இன்று கைவிலங்கு விழுந்தால் டாக்டராவது, பட்டமாவது!

"ஆறு வருஷம் ஏன் ஆச்சு?"

"சார்... ரொம்ப ஸ்ட்ரிக்ட் மேடம். மூலக்கூற வெட்டவெளில தனியா வச்சு கணக்குப் போடறது சுலபம். சுத்தி கரைப்பான், அதாவது அது மெதக்குற திரவம், அதையும் சேர்த்துப் போட்டா வாரக்கணக்குல ஓடும். 'சுத்தி இருக்கறத விட்டுட்டா விடை அழகா வரும்... தப்பா வரும்'னு சொல்லுவாரு. ஒவ்வொரு தடவையும், 'இன்னொரு தடவ ஓட்டு அஜித்'..."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் பல் மட்டும்தான் இருந்தது.

டெலிபோன் அலறியது!

அரசு ஆஸ்பத்திரி டாக்டர். நௌஷீன் கேட்டாள். கேட்கக் கேட்கப் புருவம் மேலே ஏறியது.

"ஜெயசுதா... விஷம் காபியில இருந்திருக்கு. நேத்து சாயந்திரமே செத்துட்டாரு. பாட்டில்ல இருந்தது இன்னா தெரியுமா?"

"இன்னா மேடம்?"

"மரவள்ளிக் கிழங்கு மாவு!"

அஜித்குமார் துள்ளி எழுந்தான்.

"நான்தான் சொன்னேனே மேடம்! துத்தநாகம் ஏழு இந்த ஒலகத்துலயே கெடையாது! நான் ஏழாவதா வரைஞ்ச மூலக்கூறு, யாரும் செய்யவே இல்ல! என் கம்ப்யூட்டர்லதான் இருக்குது. நேத்து மதியம்தான் கணக்கே முடிஞ்சு, அந்தப் பேரையே வச்சேன். என்னத் தவிர ஒரு ஈ காக்கா கூட பாக்கல!"

"உங்க சார் கூடவா?"

"அவரு முந்தாநாளே மலைக்குப் போயிட்டாரே. அங்க டவரும் இல்ல. கீழ எறங்கி வந்ததும் காட்டலாம்னு இருந்தேன்... அதுக்குள்ள..."

"உக்காரு. அப்போ, இல்லாத பொருளுக்குப் பாட்டில்ல மாவு போட்டு வச்சவன் யாரு?"

"கம்ப்யூட்டர் கெமிஸ்ட்ரின்னா இன்னான்னு தெரியாதவன் மேடம். எம்மேல பழி விழட்டும்னு வச்சிருக்கான்."

"மாவு எங்க ஜாஸ்தி கெடைக்கும்?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. தேவையும் இல்லை. அந்த கெஸ்ட் ஹவுஸ் யாருடையது என்பது ஊருக்கே தெரியும்!

* * *

ஜீப் சின்னசேலம் தாண்டி நைனார்பாளையம் போனது. விளக்கம் சொல்ல அஜித்குமாரும் பின் சீட்டில்.

கெஸ்ட் ஹவுஸுக்குச் சொந்தக்காரரான தனசேகரனின் மரவள்ளி ஜவ்வரிசி ஆலை. மாவு பறந்து கட்டடம், லாரி, நாய் எல்லாம் ஒரே வெள்ளை. வாசலில் ஒரு பிரம்மாண்டமான பேனர். அதில் தனசேகரன் கும்பிட்டபடி சிரித்தார்.

'உலகிலேயே முதன்முறையாக! மரவள்ளிப் பிளாஸ்டிக்! துத்தநாகம் - 6 தொழில்நுட்பம்! வெள்ளிக்கிழமை திறப்பு விழா!'

பேனருக்குக் கீழே நின்ற நிஜத் தனசேகரன் சிரிக்கவில்லை.

"வாங்க மேடம். இன்னா கொடுமைங்க இது..."

"கொடுமைய அப்புறம் பேசலாம். முந்தாநாள் ராத்திரி கெஸ்ட் ஹவுஸ்ல நீங்களும் கவியரசனும் சண்டை போட்டீங்களாமே? இருசம்மாள் கேட்டிருக்கா."

தனசேகரனின் கழுத்தில் வேர்வை கோடு போட்டது.

"அது... சும்மா பேச்சு மேடம்."

"'மேடையிலேயே சொல்லிடுவேன்'னு அவரு கத்துனாரு. இன்னாத்த சொல்லப் போறாரு?"

"அவரே குடுத்த ஆறாம் நம்பரு தேறாதுன்னு மேடம்! இடம், வலம் ரெண்டு பக்கமும் ஆள ஏத்திக்குதாம். பை செஞ்சா வெயில்ல கொழஞ்சிடுமாம். ஏன்யா, ஆலையில கொடி நட்டு, மந்திரிக்குத் தேதி வாங்கி, சுத்துப்பட்டு கிராமத்துக்கெல்லாம் பத்திரிகை வச்சப்புறமா சொல்றதுன்னு கேட்டேன். கோவம் வராதா?"

"வரும். கோவத்துல காபி கலந்துட்டீங்க."

"மேடம்...!"

"கெஸ்ட் ஹவுஸ் உங்களுது. மாவு உங்களுது. சண்டையும் உங்களுது. நேத்து சாயந்திரம் எங்க இருந்தீங்க?"

"இங்கதான்... ஆபீஸ் ரூம்ல... தனியா பேச்சு மனப்பாடம் பண்ணிக்கினு இருந்தேன். விழாவுல பேசணுமே!"

ஜெயசுதா கைவிலங்கை எடுத்தாள். கணீர் என்று சத்தம்!

பின்னால் நின்ற அஜித்குமார் நீளமாக மூச்சு விட்டான். ஆறு வருஷ மூச்சு.

நௌஷீன் பிளாஸ்டிக் கவரில் இருந்த பாட்டிலைத் தனசேகரன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இதுதானே நீங்க வச்ச பாட்டில்?"

தனசேகரன் கண்ணைச் சுருக்கிப் படித்தார். முகம் மாறியது. பயம் போய், அங்கே வேறொன்று வந்து உட்கார்ந்தது. பேரதிர்ச்சி!

"ஏழா...?"

"ஏன், இன்னா?"

"ஏழுன்னு ஒண்ணு வந்துடுச்சா? எனக்கு யாருமே சொல்லலியே! அடப்பாவிங்களா... பேனர் அடிச்சாச்சே மேடம்! பத்திரிகை, வாட்ஸ்அப், கல்வெட்டு... எல்லாத்துலயும் ஆறுன்னு இருக்குதே!"

கொலைக் கேஸில் கைதாகப் போகிறவர் கல்வெட்டுக்காகக் கவலைப்பட்டார்.

நௌஷீன் அசையாமல் நின்றாள். பேனரைப் பார்த்தாள்... பாட்டிலைப் பார்த்தாள்... ஆறு... ஏழு...

மனசுக்குள் குடத்தைச் சுண்டினாள். ஓட்டை!

"ஜெயசுதா, வெலங்க கொஞ்சம் நிறுத்து."

மெதுவாகத் திரும்பினாள்.

"தம்பி அஜித்... தனசேகரனுக்குத் தெரிஞ்சது ஆறு வரைக்கும்தான். இல்லையா?"

"ஆ... ஆமாம் மேடம்."

"உங்க சாருக்கு?"

"அவருக்கும் அவ்ளோதான் மேடம்..."

"ஏழோட கணக்கு நேத்து மதியம்தான் முடிஞ்சது. ஒரு ஈ காக்கா கூட பாக்கல. நீதான் சொன்னே. நேத்து சாயந்திரம் மலைமேல பாட்டில்ல அந்தப் பேரு ஒட்டியிருக்கு. ஒலகத்துலயே ஒருத்தனுக்குத்தான் அந்தப் பேரு தெரியும்!"

"மேடம்... அது... சார்கிட்ட நான் போன்ல..."

"டவர் இல்ல. அதையும் நீதான் சொன்னே."

அஜித்குமார் ஜீப் பக்கம் ஒரு அடி பின்வாங்கினான்.

"நல்ல திட்டம்தான் தம்பி. இல்லாத மருந்து, கிழங்கு மாவு... பாத்தவுடனே ஒண்ணும் தெரியாத ஆள் உம்மேல பழி போட்ட மாதிரியே இருந்துச்சு. முதல்ல உன்னப் புடிப்போம், அப்புறம் நாங்களே உன்ன விட்டுட்டு அவரப் புடிப்போம். ஆனா அவருக்குத் தெரிஞ்ச ஆற எழுதாம ஏழ எழுதி ஒட்டிட்டியே! ஆறுன்னு எழுதியிருந்தா இந்நேரம் தனசேகரன் உள்ள போயிருப்பாரு."

"ஆறு தப்பு மேடம்!"

கத்திவிட்டான்! கண் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து...

"ஆறுல வரிசையே நிக்காது! அது தப்பான மூலக்கூறு! தப்புன்னு தெரிஞ்சும் அத எப்படி மேடம் என் கையால அடிச்சு ஒட்ட..."

நிறுத்தினான்.

மிகவும் தாமதமாக நிறுத்தினான்.

ஜெயசுதா வாயைப் பொத்திக்கொண்டாள். தனசேகரன் அருகிலிருந்த மூட்டை மேல் தொப்பென்று உட்கார்ந்தார். மாவு பறந்தது.

"ஏன் தம்பி?" நௌஷீனின் குரலில் வெற்றி இல்லை. வருத்தம்தான் இருந்தது.

"ஆறு வருஷம் மேடம்... மூணு வேலை கைக்கு வந்து போயிடுச்சு. போன வாரம் தீஸிஸ நீட்டுனேன். படிக்கக் கூட இல்ல. 'கரைப்பான சேர்த்து இன்னொரு தடவ ஓட்டு'ன்னாரு. இந்தாளு இருக்கற வரைக்கும் நான் டாக்டர் ஆவ மாட்டேன்னு தெரிஞ்சு போச்சு. வேற கைடு வந்தா ஒரே கையெழுத்துல முடிஞ்சிடும்..."

"நேத்து மலைக்கு பைக்லதானே போனே? அடிவாரத்து செக்போஸ்ட் கேமரால இதுவரைக்கும் தனசேகரன் காரத்தான் தேடிக்கினு இருந்தோம். இனிமே உன் பைக்கத் தேடறோம். உங்க சார் சரியாத்தான் சொல்லியிருக்காரு தம்பி. சுத்தி இருக்கறத விட்டுட்டா விடை அழகா வரும்... தப்பா வரும்."

விலங்கு கை மாறியது.

ஜீப்பில் ஏறப்போனவனைத் தனசேகரன் ஓடி வந்து மறித்தார். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் தூக்குக்கயிறு வரை போய் வந்த மனிதர். மூச்சு வாங்கக் கேட்டார்.

"தம்பி... ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போப்பா. அந்த ஏழு... வேல செய்யுமா? வெள்ளிக்கெழமைக்குள்ள பேனர மாத்திடுவேன்!"

அஜித்குமார் நின்றான். யோசித்தான். அழுத கண்ணோடு, ஆராய்ச்சியாளனாகவே பதில் சொன்னான்.

"உறுதியா சொல்ல முடியாதுங்க... வெட்டவெளியிலதான் கணக்குப் போட்டேன். கரைப்பான சேர்த்து... இன்னொரு தடவ ஓட்டணும்."

நௌஷீன் ஜீப் கதவை அறைந்து சாத்தினாள்.

"உள்ள நேரம் ஜாஸ்தி தம்பி... பொறுமையா ஓட்டு!"