மூன்றாவது பெட்டியின் காற்று

முகமூடிக்குள் வந்த காற்றில் வேறு யாருடைய வாய் நாற்றமோ இருந்தது.

சங்கு கண்ணைத் திறந்தான். பகல் பதினொரு மணி. ஜன்னலில் இரட்டைத் திரை போட்டு அறையை இருட்டாக்கி வைத்திருந்தான். வெளியே யாரோ மோட்டார் பைக்கை உதைத்துக் கிளப்பும் சத்தம், மேல்மாடியில் நாற்காலி இழுபடும் சத்தம், தலைமாட்டு மேசையில் புது மெஷின் காற்றை ஊதும் மெல்லிய இரைச்சல். ரப்பர் வாடையும் பிளாஸ்டிக் வாடையும் அவனுக்குப் பழகிவிட்டன. இதற்கு முன்னால் இரண்டு மெஷின்களைப் போட்டுப் பார்த்தவன். இது அது இல்லை. சொத்தைப் பல்லும் இனிப்பான இருமல் மருந்தும் நெடுநேரம் மூடியே கிடந்த வாயின் புளிப்பும் கலந்த வெதுவெதுப்பான வாடை. முகத்துக்கு நேராக ஒரு கிழவர் குனிந்து நின்று 'ஹா' என்று ஊதினால் எப்படி வருமோ, அப்படி.

முகமூடியைக் கழற்றி முகர்ந்தான். ஒன்றும் இல்லை. புது ரப்பர். மறுபடி மாட்டினான். இருந்தது.

சங்கு என்பது கிடங்கில் அவனுக்கு வைத்த பெயர். அவன் குறட்டை ஷிப்ட் மாறும்போது ஊதுகிற சங்கையே தோற்கடிக்கும் என்பார்கள். குளிர்பதனக் கிடங்கில் பதினொரு வருடமாக இரவு ஷிப்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், பகலில்தான் தூக்கம். போன மாதம் ஒரு நாள், தலைக்கு மேலே அரை டன் மீன் பெட்டிகளைத் தூக்கிப் பிடித்தபடியே வண்டியில் தூங்கிவிட்டான். பெட்டிகள் சரிந்து, கீழே நின்ற சூப்பர்வைசரின் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தன. டாக்டர் கையெழுத்தோடு வந்தால்தான் வேலை என்று அன்றைக்கே அவனை நிறுத்திவிட்டார்கள். வேலை நின்ற பிறகும் பகல்தூக்கப் பழக்கம் மாறவில்லை.

நுரையீரல் டாக்டர் உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்க வைத்துப் பார்த்தார். "மணிக்கு நாப்பத்தொரு தடவை உங்களுக்கு மூச்சு நின்னுபோகுது. தொண்டை சதை தளர்ந்து அடைச்சுக்குது. காத்தை அழுத்தி உள்ள தள்ளற மெஷின் போட்டுத்தான் தூங்கணும். பத்து நாள் ரிப்போர்ட் நல்லா வரட்டும், வண்டி ஓட்டலாம்னு நானே கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்றார்.

மெஷின்காரர் நல்ல மனுஷன். ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வீட்டிலேயே பொருத்திக் காட்டினார். முதல் மெஷின் ஒரே அழுத்தத்தில் ஊதுகிற வகை. ஓடுகிற பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் படுத்தது போல இருந்தது. வயிறெல்லாம் காற்று அடைத்து, பொழுது சாய்கிற வரை ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தான். இரண்டாவது, இழுக்கும்போது ஒரு அழுத்தம், விடும்போது ஒரு அழுத்தம். அதற்கு மூக்குத் துவாரத்தில் மட்டும் செருகுகிற ரப்பர் முனை கொடுத்தார். இவனுக்கோ தூங்கினால் வாய் பிளந்துகொள்ளும், உள்ளே போன காற்றெல்லாம் வாய் வழியே புஸ்ஸென்று வெளியேறியது. இரண்டிலுமே ரிப்போர்ட் தேறவில்லை.

"உங்களுக்கு ஆட்டோதான் சார் செட்டாகும். நீங்க மூச்சு விடறதை அதுவே கவனிச்சு அழுத்தத்தைக் கூட்டிக் குறைச்சுக்கும். மூக்கு, வாய் ரெண்டையும் மூடற மாஸ்க் போட்டுடலாம்" என்று மூன்றாவதை இறக்கி வைத்தார். "மாஸ்க், குழாய், ஃபில்டர் எல்லாம் புதுசு. பெட்டி மட்டும் ட்ரையலுக்கு வச்சிருக்கறது. பிடிச்சுதுன்னா புதுப்பெட்டி தரேன்."

அந்த மூன்றாவது பெட்டிதான் இது.

வாயால் மூச்சு விட்டுக்கொண்டே எப்படியோ தூங்கிப்போனான். எழுந்தபோது மணி ஆறு. ஒருமுறை கூட விழிக்கவில்லை. தலை பாரம் இல்லை, கண் எரிச்சல் இல்லை. சற்று நேரத்தில் மெஷின்காரர் போன் செய்தார். ரிப்போர்ட் அவர் கம்ப்யூட்டருக்குத் தானாகவே போய்விடும்.

"சார், நாப்பத்தொண்ணு எங்க, இது எங்க! ஜீரோ சார். ஒரு தடவை கூட நிக்கல. இப்படி ஒரு ரிப்போர்ட் நான் பார்த்ததே இல்ல."

"கொஞ்சம் வாடை வருதே."

"புதுசுல அப்படித்தான் சார். சோப்புத் தண்ணியில கழுவுங்க, போயிடும்."

கழுவினான். குழாயைத் தண்ணீரில் அலசி உதறினான், முகமூடியின் மடிப்புகளைப் பல் துலக்கும் பிரஷ் வைத்துத் தேய்த்தான், பெட்டியை ஈரத்துணியால் துடைத்தான். மனைவியிடம் கொடுத்து முகரச் சொன்னான். அவள் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். ஆஸ்பத்திரித் துணிகளை முகர்ந்தே எந்த வார்டு என்று சொல்லிவிடுவாள்.

"சோப்பு வாசனைதான் வருது. சும்மா மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. நல்லாத் தூங்கறீங்கல்ல, அதைப் பாருங்க."

மூன்றாம் நாள் தண்ணீர்த் தொட்டியைக் கழற்றினான். காற்று வறண்டுபோகாமல் இருக்க அதில் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றிவைப்பது வழக்கம். தூங்கி எழுந்தால் பாதியாகக் குறைந்திருக்கும். இன்றைக்குக் குறையவில்லை. ஊற்றிய கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை ஏறியிருந்தது. சாய்த்துக் கொட்டினால் விழவில்லை. கோழையாக வழிந்து, தொட்டியின் விளிம்புக்கும் கழுவுதொட்டிக்கும் நடுவே நீளமான இழையாகத் தொங்கி ஆடியது. விரல் பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. ஃபில்டரை உருவினான், போட்டபோது வெள்ளையாக இருந்த பஞ்சு, பழுப்பேறி நனைந்து, புண்ணில் ஊறிய பக்கு போலப் பிரிந்து வந்தது. அதில் ஒட்டியிருந்தது ஒரு நரைமுடி. குட்டையாக, தடிமனாக. மூக்கு முடி.

அன்று மூன்று முறை கை கழுவினான். சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் புது ஃபில்டர் போட்டு, தொட்டியை வெந்நீரில் அலசி, படுத்தான். ரிப்போர்ட் ஜீரோ.

ஐந்தாம் நாள் சாயங்காலம், வேலை முடிந்து வந்த மனைவி அவன் பக்கத்தில் உட்கார்ந்தவள் சட்டென்று எழுந்துகொண்டாள்.

"பல்லு விளக்கினீங்களா?"

"ரெண்டு தடவை."

அவள் மூக்கின் மேல் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டு கொஞ்சம் குனிந்தாள். முகம் சுருங்கியது. "அன்னிக்கு என்னமோ வாடைன்னு சொன்னீங்களே... இருமல் மருந்து மாதிரி, பல்லு அழுகின மாதிரி."

"ஆமா. மெஷின்ல."

"மெஷின்ல இல்லைங்க. உங்க வாயில வருது." அவள் இன்னும் ஓர் எட்டுப் பின்னால் போனாள். "அது உங்க நாத்தமும் இல்ல. உங்க நாத்தம் எனக்குத் தெரியாதா? இருபத்திரண்டு வருஷமாப் பக்கத்துல படுத்தவ."

கண்ணாடி முன்னால் நின்று நாக்கை வழித்தான். பழுப்பு நிறத்தில் பசை போல வந்தது. வழிக்க வழிக்க வந்தது. தித்தித்தது.

"அந்த எழவைத் திருப்பிக் கொடுத்துடுங்க" என்றாள் மனைவி, குளியலறைக்கு வெளியே நின்றபடி.

"இன்னும் அஞ்சு நாள்தான். மாத்தினா மறுபடி முதல்லேர்ந்து பத்து நாள் எண்ணுவாங்க. இப்பவே என் வண்டியில வேற ஆளைப் போட்டு ஓட்டறாங்க. அவன் நிரந்தரமாயிட்டா நான் எங்க போறது?"

அவள் தன் தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

ஏழாம் நாள் கடைக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் மெஷின்காரரின் போன் வந்தது. "சார், அசத்துறீங்க. நேத்து பத்தொன்பது மணி நேரம் போட்டிருக்கீங்க. இப்பவும் ஓடிட்டிருக்கு போல. ரெஸ்ட் எடுங்க, அப்புறம் கூப்பிடறேன்."

"இப்பவா? நான் ரோட்டுல நிக்கறேன்."

"அப்படியா? இங்க மூச்சு காட்டுதே சார்."

மனைவி வேலைக்குப் போயிருந்தாள். வீடு பூட்டிக் கிடந்தது. கதவைத் திறந்ததும் அந்த வாடை முகத்தில் அறைந்தது. செருப்பைக் கூடக் கழற்றாமல் படுக்கையறை வாசலில் போய் நின்றான். திரை போட்ட அரையிருட்டில், அவன் தலை வைக்கும் தலையணையின் நடுப்பள்ளத்தில், முகமூடி மல்லாந்து கிடந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. முகமூடியின் கண்ணாடிக் கிண்ணத்துக்குள் ஆவி படிந்தது. தெளிந்தது. மறுபடி படிந்தது. நிதானமாக, அவசரமில்லாமல், நன்றாகத் தூங்குகிற ஒருவரைப் போல.

பிளக்கைப் பிடுங்கினான். இரைச்சல் அடங்கியது. ஆவி இன்னும் இரண்டு முறை படிந்து தெளிந்தது. அப்புறம் கிண்ணத்தின் உள்பக்கம் ஒரு சொட்டு திரண்டு வழிந்து அவன் தலையணையில் விழுந்தது.

மூணு நாள், என்று சொல்லிக்கொண்டான். இன்னும் மூணே நாள்.

தலையணை உறையை மாற்றி, பிளக்கை மறுபடி செருகினான். படுத்தான். முகமூடியை மாட்டினான். காற்று வந்தது. சூடாக. ஈரமாக. ஊத மட்டுமே தெரிந்த மெஷின், அன்றைக்கு, அவன் மூச்சை விட்டுமுடித்த பிறகும் விடவில்லை. இழுத்தது. மெதுவாக, உறிஞ்சுகுழாயில் கடைசிச் சொட்டை உறிஞ்சுவது போல, நெஞ்சின் அடியில் இருந்ததை இழுத்தது. கழற்றிவிடலாம் என்று நினைத்தான். கை எழவில்லை. தூக்கம் வந்தது.

ரிப்போர்ட் ஜீரோ.

பதினோராம் நாள் மத்தியானம் மெஷின்காரர் புதுப்பெட்டியோடு வந்தார். டாக்டர் கையெழுத்துப் போட்ட தாளையும் வாங்கி வந்திருந்தார். சங்கு அதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் வாயெல்லாம் தித்திப்பு ஊறியது. மெஷின்காரர் கைக்குட்டையால் மூக்கைத் துடைப்பது போலப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"இதை முன்னாடி யாரு வச்சிருந்தாங்க?" என்று கேட்டான்.

மெஷின்காரர் பழைய பெட்டியைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். "ஒரு பெரியவர் சார். தனியா இருந்தார்."

"மெஷின் ஒத்துக்கலையா அவருக்கு?"

"நல்லா ஒத்துக்கிச்சு. ரிப்போர்ட் எல்லாம் அருமையா வரும்." அவர் ஜிப்பை இழுத்தார். நடுவில் நின்றது. "உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்கு. வயசான சாவுதான். ஆனா யாருக்கும் தெரியல. நாலு நாள் கழிச்சு அவர் பையன் ஊர்லேர்ந்து வந்துதான் கதவை உடைச்சாரு. அந்த நாலு நாளும் மெஷின் ஓடிட்டுதான் இருந்திருக்கு. நான்கூட இங்கேர்ந்து ரிப்போர்ட் பார்த்துட்டு, நல்லாத் தூங்கறாருன்னு நினைச்சேன் சார்."

"நாலு நாளும் ரிப்போர்ட் வந்துச்சா?"

"ஜீரோ. நாலு நாளும் ஜீரோ." அவர் தலை நிமிரவில்லை. "பெட்டியைக் கழட்டிச் சுத்தம் பண்ணித்தான் சார் வச்சேன். சத்தியமா."

சங்கு குளியலறைக்கு ஓடி வாந்தி எடுத்தான். உணவு எதுவும் வரவில்லை. பழுப்பாக, நூல் நூலாக, சூடே இல்லாமல் வந்தது.

திரும்பி வந்தபோது புது மெஷினும் புது முகமூடியும் தயாராக இருந்தன. எல்லாவற்றிலும் பாலித்தீன் உறை பிரித்த வாசனை. "போட்டுப் பாருங்க சார். இதுல ஒண்ணும் இருக்காது" என்றார் மெஷின்காரர், சமாதானமாக.

கட்டிலில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டான். சுத்தமான, குளிர்ந்த காற்று வந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

"மூச்சு விடுங்க சார்."

"விட்டுட்டுத்தான் இருக்கேன்."

மெஷின்காரர் மெஷினின் சின்னத் திரையைப் பார்த்தார். குழாயை அசைத்தார். முகமூடியின் பட்டையை இறுக்கினார். "மாஸ்க்ல ஆள் இல்லைன்னு காட்டுது. நல்லா இழுத்து விடுங்க."

இழுத்து விட்டான். நெஞ்சு விரிவதைக் குனிந்து பார்த்தான். விரிந்தது. சுருங்கியது. திரையில் மூச்சைக் காட்டும் கோடு அசையவில்லை.

"கொடுங்க" என்று அவர் முகமூடியை வாங்கித் தன் முகத்தில் வைத்தார். கோடு உடனே மலைமலையாக ஏறி இறங்கியது. திருப்பிக் கொடுத்தார். தட்டையானது.

"சென்சார்ல ஏதோ... வண்டியில இன்னொரு பீஸ் இருக்கு சார், எடுத்துட்டு வரேன்."

அவர் படியிறங்கும் சத்தம். வேகமாக. பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கீழே கதவு. பிறகு எதுவும் இல்லை.

சங்கு முகமூடியைக் கழற்றி மெஷினை அணைத்தான். அறை அமைதியாக இருந்தது. மெஷின் எதுவும் ஓடவில்லை. ஆனால் அந்த இரைச்சல் கேட்டது. மெல்லிய, சீரான, நிதானமான இரைச்சல். தலைமாட்டில் இல்லை.

நெஞ்சுக்குள்.

மூச்சை அடக்கிப் பார்த்தான். அடக்கினான். நெஞ்சு ஏறியது.

இறங்கியது.

உள்ளங்கையை மூக்கின் அருகே கொண்டுபோனான். காற்று படவில்லை. ஈரம் மட்டும் பட்டது. ஒரு கையால் மூக்கைப் பிடித்தான். மறு கையால் வாயைப் பொத்தினான். நகம் கன்னத்தில் பதியும்வரை அழுத்தினான். எண்ணினான். பத்து. இருபது. அறுபது. விரலிடுக்கில் பழுப்பாக ஏதோ கசிந்து மணிக்கட்டில் வழிந்தது. நூறு. இருநூறு.

நெஞ்சு ஏறியது. இறங்கியது.

ஏறியது.