எந்த வண்டி நகருது?

இருக்கை சூடாக இருந்தது.

சித்தி உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்துவிட்டாள். பச்சை ரெக்சின் போட்ட பழைய ரயில் இருக்கை. நடுவில் கிழிந்து, தடித்த நூலால் தைத்திருந்தார்கள். குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பஸ்ஸில் ஒருத்தர் நமக்கு இடம் விட்டு எழுந்து போனால் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் ஒரு சூடு இருக்குமே, அதே சூடு. பக்கத்து இடம் சில்லென்று இருந்தது. எதிர் இருக்கையும் அப்படித்தான். இந்த ஜன்னலோர இடம் மட்டும் இப்படி.

வெயில் பட்டிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. மத்தியானத்திலிருந்து மழை விட்டபாடில்லை. மியூசியக் கொட்டகையின் தகரக் கூரை மேல் அது ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. போதாக்குறைக்கு, இன்றைக்கு இந்தப் பெட்டிக்குள் ஏறுகிற முதல் ஆட்கள் இவர்கள்தான். வாசல் கயிற்றை அவிழ்த்துவிட்ட ஊழியரே அதைச் சொல்லி அலுத்துக்கொண்டார்.

"என்ன சித்தி, ஏன் எந்திரிச்சிட்டீங்க?" என்றாள் வாண்டு.

"ஒண்ணுமில்லடா. இடம் சூடா இருக்கு."

வாண்டும் கையை வைத்துப் பார்த்தாள். "யாரோ இப்பத்தான் எந்திரிச்சுப் போயிருக்காங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, மேலே சாமான் வைக்கிற பலகையில் ஏற வழியிருக்கிறதா என்று ஆராயப் போய்விட்டாள். ஏழு வயசு. ஒரு இடத்தில் நிற்க மாட்டாள். பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை.

எந்திரிச்சிட்டீங்க. அந்தக் கடைசி 'ங்க' இருக்கிறதே, அதுதான் சித்திக்கு முள். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகப்போகிறது. சாப்பிட்டீங்களா, வர்றீங்களா, எனக்குத் தலை பின்னி விடுறீங்களா. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் காட்டுகிற மரியாதை. ஹாலில் மாட்டியிருக்கிற போட்டோவிடம் மட்டும்தான் வாண்டு 'நீ' என்று பேசுவாள். "அம்மா, நீ பார்த்தியா, இன்னைக்கு என் பல்லு விழுந்துடுச்சு." போட்டோவில் இருக்கிறவள் நாற்காலி முதுகில் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். கைக்கடிகாரத்தின் முகம் மணிக்கட்டின் உள்பக்கம் இருக்கும். அப்படித்தான் கட்டுவாளாம். மணி கேட்டால் உள்ளங்கையை மலர்த்திப் பார்த்துச் சொல்வாளாம். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. அந்தக் கண்ணாடியைத் துடைக்கிற வேலையைச் சித்தியே கேட்டு வாங்கிக்கொண்டாள். துடைக்கும்போதெல்லாம், நான் உன் இடத்தைப் பிடுங்க வரலைம்மா என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். அதில் பாதி பொய். அந்த 'நீ' அவளுக்கும் வேண்டும். ஆசையில் நாக்கு வறண்டுபோகிற அளவுக்கு வேண்டும்.

அதனால்தான் இந்த ரயில் மியூசியம். "நாம ரெண்டு பேர் மட்டும் போலாமா சித்தி?" என்று குழந்தையே கேட்டபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கணவன்தான் இழுத்தடித்தான். வாசல் வரை வந்து, "பத்திரமா கூட்டிட்டுப் போ, பத்திரமா கூட்டிட்டு வா. அவ மேல இருந்து மட்டும் கண்ணை எடுத்துடாத" என்றான். சொன்னதையே திரும்பவும் சொன்னான். அவன் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. ஒருத்தியைப் பறிகொடுத்தவன் வேறு எப்படிப் பேசுவான்?

கொட்டகைக்குள் ரெண்டு பழைய வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒவ்வொன்றுக்கும் ரெண்டே பெட்டி. நடுவில் ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்குப் பலகைப் பாதை. இவர்கள் ஏறியிருந்தது இரும்பு வண்டி. எதிரே ஜன்னலுக்கு ஜன்னல் பார்த்தபடி நின்றது பழுப்பு நிற மரவண்டி. பொழுது சாயும் முன்பே மழை இருட்டு கட்டிவிட்டதால் ரெண்டிலும் உள்ளே மஞ்சள் பல்பு எரிந்தது. ஊழியர் ஜலதோஷத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒப்பித்தார்: "ரெண்டு வண்டிக்கும் இன்ஜின் கிடையாதும்மா. சக்கரத்துக்கெல்லாம் கட்டை கொடுத்திருக்கு. வெளிய இருந்த தண்டவாளத்தையே பேர்த்துட்டு ரோடு போட்டாச்சு. எங்கயும் ஓடிடாது, தைரியமா ஏறுங்க. அந்தாண்ட பக்கத்து ஜன்னல்ல மட்டும் கை வைக்காதீங்க, நேத்துதான் ஒட்டினது." ஒரு தும்மல் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அந்தாண்ட ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஒன்றுமில்லை. சட்டத்தை ஒட்டினாற்போல் ஒரு செங்கல் சுவர். அதில் ஒரு கல் மூலை உடைந்து, கீழே பாசி வழிந்திருந்தது.

"சித்தி, விளையாடலாமா?" வாண்டுக்குக் கண் மின்னியது. "எங்கம்மாவும் நானும் ஸ்டேஷன்ல விளையாடுவோம். பக்கத்து வண்டி நகரும்ல, அப்ப எந்த வண்டி நகருது, நம்மளுதா அவங்களுதான்னு டக்குனு சொல்லணும். தப்பாச் சொன்னா அவுட்டு. எங்கம்மாதான் எப்பவும் ஜெயிக்கும்."

"இது நகராதேடா."

"நகர்ற மாதிரி வச்சுக்கலாம். நீ இந்த வண்டி, நான் அந்த வண்டி!"

நீ.

வாய் தவறித்தான் வந்திருக்கும். குழந்தை அதைக் கவனிக்கக்கூட இல்லை. ஆனால் சித்திக்கு மார்பு விம்மி, கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது. அந்த நேரத்தில் வாண்டு மலையைக் கேட்டிருந்தாலும் தூக்கிக் கொடுத்திருப்பாள். "பயணம் போறேன்ல, பையைக் கொடு" என்று சித்தியின் கைப்பையையும் போனோடு சேர்த்துத் தோளில் மாட்டிக்கொண்டு வாண்டு ஓடினாள். கண்ணை எடுக்காதே என்றான் அவன். எடுக்கவில்லையே? ஜன்னலுக்கு ஜன்னல் எதிரேதானே இருக்கிறாள்? சித்தி மறுபடியும் அந்த ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்தாள். இன்னும் சூடு ஆறவில்லை.

எதிர் ஜன்னலில் வாண்டுவின் முகம் வந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு பெரிய மனுஷி மாதிரி உட்கார்ந்து கை ஆட்டினாள். சித்தியும் ஆட்டினாள். ரெண்டு கண்ணாடிக்கும் மழைக்கும் நடுவில் சத்தம் எதுவும் வரவில்லை. குழந்தையின் வாய் மட்டும் அசைந்தது.

அவள் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள்.

சித்தி முன்னால் சாய்ந்தாள். தனக்குத்தானே பேசுகிற குழந்தைதான், அது ஒன்றும் புதுசில்லை. ஆனால் வாண்டு பேசிவிட்டு நிறுத்தினாள், தலையைக் கொஞ்சம் நிமிர்த்திக் கேட்டாள், சிரித்தாள், மறுபடி பேசினாள். அவளுக்குப் பின்னால் பல்பு வெளிச்சம் எட்டாத இடத்தில் ஏதோ புடவை மடிப்பு மாதிரி இருந்தது, நிழலாகவும் இருக்கலாம். இந்தப் பெட்டிக்குள் ஒரு வாசனை மெல்ல ஏறிக்கொண்டிருந்தது: ஈரத் துணி, தலை எண்ணெய், கட்டிவைத்த சாப்பாடு. நிறைய பேர் ராத்திரி முழுக்க நெருங்கி உட்கார்ந்து போன பெட்டியின் வாசனை. கொஞ்சம் முன்பு வரை இங்கே பெயின்ட் வாசனைதான் இருந்தது.

வாண்டுவின் தலைக்கு மேலே, இருக்கையின் முதுகில், ஒரு கை வந்து அமர்ந்தது.

அந்த ஊழியராக இருக்கும். டீ குடித்துவிட்டு வந்திருப்பார். வேறு யார் இருக்கப்போகிறார்கள் இங்கே? சித்தி அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். மெலிந்த கை. வளையல் இல்லை. கறுப்புத் தோல் பட்டை மட்டும் மணிக்கட்டைச் சுற்றிப் போனது. பட்டைதான் தெரிந்தது. மேல் பக்கம் கடிகாரம் இல்லை.

கடிகாரம் உள்பக்கம் இருந்தது.

சித்தி இருக்கையில் கை ஊன்றி எழுந்திருக்கப் போனாள். அப்போதுதான் எதிர் ஜன்னல் நகர்ந்தது.

முதலில் ஒரு விரல்கடை. பிறகு ஒரு சாண். வாண்டுவின் முகம் வலது பக்கமாக மெல்ல வழுக்கிப் போயிற்று. சத்தம் இல்லை, ஒரு சின்னக் குலுக்கல்கூட இல்லை.

இல்லை. கண் ஏமாற்றுகிறது. சித்தி ஒரு கண் ஆஸ்பத்திரியில் பார்வை பரிசோதிக்கிறவள். நாள் முழுக்க இருட்டறையில் மற்றவர்களின் கண் சொல்கிற பொய்களைக் கேட்டே பழகியவள். தலை சுற்றுகிறது என்று வருகிறவர்களுக்கு அவள் சொல்வது ஒன்றுதான்: அசையாத ஒரு பொருளைப் பாருங்க, அதையே பார்த்துக்கிட்டு இருங்க. சித்தி சட்டென்று அந்தாண்ட பக்கம் திரும்பினாள். செங்கல் சுவர். மூலை உடைந்த கல். பாசி. அது இம்மியும் அசையவில்லை.

அப்படியானால் தன் வண்டி நிற்கிறது. போவது அந்த வண்டி, குழந்தையோடு.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள். யாரிடம்? எழுந்து கதவுக்கு ஓடினாள். திறந்து வைத்துவிட்டு வந்த கதவு மூடியிருந்தது. தாழ்ப்பாளை இழுத்தாள், உதைத்தாள், நகம் பெயர்ந்தது. மேலே சிவப்புப் பிடி போட்ட அபாயச் சங்கிலி தொங்கியது. எட்டிப் பிடித்து முழு பலத்தோடு இழுத்தாள். வந்தது. சுலபமாக வந்தது. இழுக்க இழுக்க நீளமாக வந்து காலடியில் குவிந்தது. எதோடும் கட்டாமல் காட்சிக்கு மாட்டிய சங்கிலி.

ஜன்னலுக்கு ஓடினாள். வாண்டு இருந்த ஜன்னல் தள்ளிப் போயிருந்தது. அதன் பின்னாலேயே பெட்டிக்குள் ஓடினாள். ஒரு ஜன்னல். அடுத்தது. அடுத்தது. போகிற வழியில் இருக்கைகளில் கை ஊன்றினாள். எல்லாம் சூடு. ஒவ்வொன்றும் சூடு.

"கண்ணு! இறங்குடா! குதிச்சுடு! சித்தி பிடிச்சுக்கறேன்!"

பெட்டி முடிந்துவிட்டது. கடைசி ஜன்னலில் கண்ணாடி இல்லை, இரும்புக் கம்பிகள் மட்டும். முகத்தைக் கம்பியில் பதித்துக்கொண்டு பார்த்தாள். எதிரே மரவண்டியின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகக் கடந்தன. அவற்றினூடே வாண்டு ஓடி வந்துகொண்டிருந்தாள். பை தோளிலிருந்து நழுவி முழங்கையில் அடித்தது. ஒவ்வொரு கண்ணாடியிலும் ரெண்டு உள்ளங்கையாலும் ஓங்கி அறைந்துவிட்டு அடுத்ததற்கு ஓடினாள். விளையாட்டு அவள் முகத்தில் இல்லை. மூக்கு ஒழுக அழுதுகொண்டிருந்தாள்.

பாதி திறந்திருந்த ஒரு ஜன்னல் வழியாக அவள் குரல் வந்தது.

"அம்மா! நீ போற! அம்மா, நீதான் போற!"

சித்திக்கு ஒரு கணம் அந்த வார்த்தைகள் மட்டுமே கேட்டன. அம்மா. நீ. உடம்பெல்லாம் சிலிர்த்தது. எத்தனை நாள் ஏங்கிய வார்த்தை. அதற்குப் பிறகுதான் அர்த்தம் உறைத்தது.

திரும்பினாள். சுவர் இருந்தது. மூலை உடைந்த கல், பாசி. அப்படியே நின்றது. பார்த்தாயா, நான் நிற்கிறேன் என்று வாயெடுத்தாள்.

ஆனால் அந்தக் கல் முதலில் பார்த்த ஜன்னலில் அல்லவா இருந்தது?

பக்கத்து ஜன்னலைப் பார்த்தாள். மூலை உடைந்த கல். பாசி. அதற்கடுத்த ஜன்னல். அதே கல். அதே இடத்தில். அதே பாசி. பெட்டி நெடுக, ஜன்னலுக்கு ஜன்னல், அதே உடைந்த கல்.

நேத்துதான் ஒட்டினது.

நகத்தைக் கொடுத்து ஓரத்தைக் கிளப்பினாள். காகிதம். பசை இன்னும் ஈரம். செங்கல் சுவர் சர்ரென்று கிழிந்து கையோடு வந்தது. அதன் பின்னால் கொட்டகை இல்லை. சுவர் இல்லை. கும்மிருட்டு ஓடிக்கொண்டிருந்தது. முகத்தில் காற்று அடித்தது. அவள் பின்னால் இருக்கைகளின் ஸ்பிரிங்குகள் ஒவ்வொன்றாக அமுங்கும் சத்தம் கேட்டது.

அவள் பார்க்கவில்லை. கம்பி ஜன்னலுக்குத் தாவினாள்.

மரவண்டி நின்ற இடத்திலேயே நின்றது. மஞ்சள் பல்பு. கடைசி ஜன்னல். அதற்கப்புறம் ஓட வாண்டுவுக்குப் பெட்டி இல்லை. கண்ணாடியில் முகத்தை அழுத்திக்கொண்டு, விலகிப் போகிற சித்தியையே பார்த்து, அம்மா அம்மா என்று கதறிக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் பின்னால் அந்தக் கை வந்தது. அவசரம் இல்லாமல் வந்தது. உள்ளங்கையை மலர்த்தி மணி பார்த்தது. பிறகு குழந்தையின் தோளில் இறங்கியது.