ஆயிரம் மடங்கு

போன் அடித்தது.

"உங்க அக்கா ரிப்போர்ட் வந்துடுச்சும்மா." இன்ஸ்பெக்டர். "ரத்தத்துல விஷம் இல்ல. டெஸ்ட் பண்ணிக் கையெழுத்துப் போட்டது உங்க அத்தான். இன்னும் அரை மணியில உடம்ப எரிச்சுடுவாங்க."

அக்காவின் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் ஆய்வகத்துக்கு ஓடி வந்திருந்தாள் அவள். அவள் வேலை செய்வதும் அத்தான் தலைவராக இருப்பதும் அதே ஆய்வகம்.

"எத்தனை மடங்கு தண்ணி கலந்தார்னு போட்டிருக்கா சார்?"

"தண்ணியா? ரத்தம்மா, பால் இல்ல. அப்படி ஒண்ணும் போடல."

அந்த டெஸ்டில் ரத்தத்தோடு, விஷத்தைப் பிடிக்கும் பொடிப்பொடி மணிகளைக் கலப்பார்கள்.

விஷத்தின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் பல கைகள். ஒரு கையால் ஒரு மணியை, மறு கையால் இன்னொரு மணியைப் பிடிக்கும். மணிகள் கட்டி தட்டும். விஷம் உண்டு என்று அர்த்தம்.

ஆனால் விஷம் மிதமிஞ்சிப் போனால்?

மணி ஒவ்வொன்றையும் விஷமே மொய்த்துக்கொள்ளும். இரண்டைச் சேர்த்துப் பிடிக்க இடமிருக்காது. கட்டியே வராது!

"எரிக்க விடாதீங்க சார். இருபது நிமிஷம்."

"இருபதுதான்."

ஃப்ரிட்ஜைத் திறந்தாள். மூன்று நாள் முன்பு "சாப்டியாடி?" என்று கேட்ட அக்கா, இப்போது ஐந்து மில்லி ரத்தம்.

பத்து மடங்கு தண்ணீர் கலந்தாள். கட்டியில்லை.

நூறு. இல்லை.

ஆயிரம்...

திரிந்த பால்போல் கட்டி கட்டியாய்!

சத்தம் வராமல் அழுதாள். பாவம் அத்தான், துக்கத்தில் தண்ணீர் கலக்க மறந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டாள். "அத்தான் இருக்காரா சார்?"

"பக்கத்துலதான். ஸ்பீக்கர்ல போடறேன்."

"அத்தான், டெஸ்ட் தப்பு. இப்ப கட்டி வந்துடுச்சு. அக்காவுக்கு யாரோ விஷம் வச்சிருக்காங்க."

அத்தான் குறுக்கிட்டார்.

"உனக்கு ஏம்மா இந்த வேலை? ஆயிரம் மடங்கு கலந்து பார்த்ததையெல்லாம் கோர்ட்ல ஒத்துக்க மாட்டாங்க."

அவள் கண்ணீர் அப்படியே நின்றது.

"நான் ஆயிரம்னு சொல்லவே இல்லையே, அத்தான்."

கட்டி தட்டிய குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"நீங்களும் ஆயிரம் வரைக்கும் பார்த்திருக்கீங்க. பார்த்துட்டுத்தான், தண்ணியே கலக்காத டெஸ்டை எழுதிக் கொடுத்தீங்க. ஏன் அத்தான்? அவ கடைசியா உங்க கையாலதானே காப்பி வாங்கிக் குடிச்சா..."

"அது... அவசரத்துல ஏதோ உளறிட்டேன்."

"பரவாயில்ல சார்." இன்ஸ்பெக்டரின் குரல் நெருங்கியது. "ஸ்டேஷனுக்கு வந்து நிதானமா, தண்ணி கலக்காம சொல்லுங்க."